ஆப் ரோலர், வியர்வை பெல்ட், புரோட்டீன் டப்பா: பதினாறு வயதில் சிக்ஸ் பேக்குக்கு எதை வாங்கலாம்?

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இப்போது ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்து சேருவது சகஜமாகிவிட்டது. உள்ளே ஒரு சக்கரம், ஒரு இரும்புத் தண்டு, இரண்டு கைப்பிடி, முட்டிக்கு அடியில் போட ஒரு மெல்லிய பட்டை. பெட்டியின் மேல் சட்டை போடாத ஒருவரின் படம். கடைக்குக் கடை மாறினாலும் பெரும்பாலும் 300 முதல் 700 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆப் ரோலர் என்பது இதுதான். சிக்ஸ் பேக் என்று சொல்லி விற்கிற சாமான்களில் கொடுத்த காசுக்கு வேலை செய்வது இந்தச் சக்கரம் மட்டும்தான். தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே செய்தால் வயிற்றுக்கு முன்னால் முதுகு பதில் சொல்லும். அதனால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படி உருட்டுவது, கூடவே வாங்கச் சொல்லும் மற்ற சாமான்கள் எதற்கு உதவும் என்று விரிவாகவே எழுதுகிறோம்.

வயிற்றின் கட்டுமானத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விளம்பரம் தானாகவே உதிர்ந்துவிடும். மார்புக்கூட்டின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை நெடுக இறங்கும் ஒரு ஜோடித் தசை எல்லோருக்கும் இருக்கிறது. அதன் குறுக்கே தசைநார் வரிகள் ஓடுகின்றன. எத்தனை வரி, அவை நேரா கோணலா என்பதெல்லாம் பிறவியிலேயே அமைந்தது. சிலருக்கு நாலு கட்டம், சிலருக்கு ஆறு, சிலருக்கு எட்டு. எந்தக் கருவியும் ஒரு கட்டத்தைக் கூட்டாது. பயிற்சி அந்தத் தசையைத் தடிப்பாக்கும், அவ்வளவுதான். அது வெளியே தெரிவது மேலே படிந்திருக்கும் கொழுப்பைப் பொறுத்தது. ஆண்களுக்கு உடம்பின் மொத்தக் கொழுப்பு ஏறக்குறைய 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். வயிற்றை மட்டும் உழைக்க வைத்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க வழியே இல்லை. உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறது. பல பையன்களுக்கு அடிவயிற்றில் இருப்பதுதான் கடைசியாகப் போகும். பெட்டிப் படத்தில் இருப்பவர் வளர்ந்த ஆள். படப்பிடிப்புக்கு முன் தண்ணீரைக் குறைத்து, தண்டால் எடுத்துத் தசையைப் புடைக்க வைத்து, பக்கவாட்டு விளக்கில் நிற்பவர். அதே ஆள் மறுநாள் காலையில் அப்படி இருக்கமாட்டார். பதினாறு வயதில் கண்ணாடி முன் நின்று தன்னை அவரோடு ஒப்பிட்டு வருந்தும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

இனி சக்கரத்துக்கு வருவோம்.

பெட்டி வந்ததும் முதலில் தண்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் திருகிச் சேர்க்கும் இரண்டு துண்டுத் தண்டாக இருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். உடம்பின் பாரம் முழுக்க விழுவது தண்டின் நடுவில்தான். மரை போட்ட அந்த இணைப்பு முதலில் தளரும், பிறகு வளையும். ஒரே துண்டாக, உள்ளே பொள்ளல் இல்லாத எஃகுத் தண்டாக இருக்க வேண்டும். பெட்டியில் 200 கிலோ தாங்கும், 300 கிலோ தாங்கும் என்று அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தண்டைத் தரையில் உருட்டிப் பாருங்கள். நேரான தண்டு சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது எழும்பி எழும்பி விழும்.

அடுத்தது சக்கரம். ஒற்றைச் சக்கரம், ஒட்டிய இரட்டைச் சக்கரம், அகலமான ஒற்றைச் சக்கரத்துக்குள் ஸ்பிரிங் வைத்தது என்று மூன்று வகை கிடைக்கும். ஒல்லியான ஒற்றைச் சக்கரம் இடமும் வலமும் சாயும். புதியவருக்கு மணிக்கட்டும் தோளும் அதைப் பிடித்து நிறுத்துவதிலேயே களைத்துப்போகும். இரட்டைச் சக்கரம்தான் பதின்வயதுக்குப் பொருத்தம். ஸ்பிரிங் வைத்த வகை திரும்பி வரும்போது இழுத்துக்கொடுக்கிறது. கஷ்டமான பகுதியே திரும்பி வருவதுதான், அதை ஸ்பிரிங் செய்துவிடுகிறது. வயிறு பலமான மாதிரி தோன்றும், ஆகியிருக்காது. அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சில மாதத்தில் டக் டக் என்று சத்தமும் வரும். முழங்கையை ஊன்றிக்கொள்ளும் பெரிய வகையும் விற்கிறது, டைமர் எல்லாம் வைத்து. கை மடங்கியிருப்பதால் நெம்புகோல் நீளம் குறைந்து வேலை இலகுவாகிறது. கூடுதல் காசுக்கு இலகுவான வேலையை வாங்குவது வீண்.

சக்கரத்தின் விளிம்பில் ரப்பர் பட்டை இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். வெறும் கடின பிளாஸ்டிக்காக இருந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கும், வெள்ளை டைல்ஸில் கறுப்புக் கோடும் விழும். ரப்பர் இருந்தாலும் தரையில் தூசியோ பவுடரோ இருந்தால் சக்கரம் உருளாமல் சறுக்கும். தொடங்குமுன் உருட்டப்போகும் ஒன்றரை மீட்டர் இடத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுவது நல்லது. கோரைப்பாய் மேல் உருட்ட வேண்டாம், பாயும் சேர்ந்து நகரும்.

இந்தச் சாமானில் அதிகம் பேர் குறைப்படுவது கைப்பிடியைப் பற்றித்தான். நுரைப் பிடியோ ரப்பர் பிடியோ தண்டின் மேல் வெறுமனே செருகியிருப்பார்கள். கை வியர்த்ததும் அது சுழலத் தொடங்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். உடம்பு முழுக்க நீட்டியிருக்கும் நேரத்தில் ஒரு பக்கப் பிடி கழன்று வந்தால் முகம் தரையில் மோதும். இதற்கு சைக்கிள் கடைக்காரர்கள் ஹேண்டில்பார் கிரிப் மாட்டும் வழி போதும். பிடியைக் கழற்றி, தண்டின் முனையையும் பிடியின் உட்புறத்தையும் துடைத்து, உள்ளே கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது சானிட்டைசர் விட்டு, ஈரம் இருக்கும்போதே ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் ஸ்பிரிட் ஆவியாகி ரப்பர் தண்டோடு பிடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ போட்டால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவதும் அதே அளவு சுலபம். நுரைப் பிடிக்கு இந்த வைத்தியம் அவ்வளவு பலிக்காது. ரப்பர் பிடியாகப் பார்த்து வாங்குங்கள். சக்கரம் கிரீச்சிட்டால் தண்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், தூசியையும் சேர்க்கும்.

கூட வரும் முட்டிப் பட்டை பெரும்பாலும் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. அதை மூலையில் போட்டுவிட்டு ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு சின்ன மேடு இருக்கும். வளரும் வயதில், அதிலும் கால்பந்து, கபடி ஆடும் பிள்ளைகளுக்கு, அந்த மேடு வீங்கித் தொட்டாலே வலிப்பது உண்டு. தொடைத் தசை எலும்பின் வளர்ச்சிப் பகுதியைப் பிடித்து இழுப்பதால் வருவது அது. அந்த வலி இருக்கும்வரை முட்டி போட்டு எதுவும் செய்யக் கூடாது, சக்கரம் காத்திருக்கட்டும்.

இப்போது உருட்டும் விதம். சக்கரத்தைத் தொடுமுன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். குப்புற முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிக்கும் பிளாங்க்கில் இடுப்பு தொங்காமல், பின்புறம் தூக்காமல் 45 வினாடி நிற்க வேண்டும். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் கூரை நோக்கி நீட்டி, முட்டிகளை மடக்கித் தூக்கி, வலது கையையும் இடது காலையும் தரைக்கு அருகே இறக்கி ஏற்றி, பிறகு பக்கம் மாற்றிச் செய்யும் டெட் பக் பயிற்சியைப் பக்கத்துக்குப் பத்து முறை செய்ய வேண்டும். அப்போது இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் உள்ளங்கை நுழையும் இடைவெளி விழக் கூடாது. இரண்டும் வராவிட்டால் மூன்று வாரம் இவற்றையே செய்யுங்கள். சக்கரத்தில் முதுகு வலி வந்தவர்களில் பெரும்பாலோர் தாண்டிக் குதித்த படி இதுதான்.

சுவரைப் பார்த்து முட்டி போடுங்கள். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் என்றால் முட்டிக்கும் சுவருக்கும் நடுவே 90 சென்டிமீட்டர் விட்டு, முட்டி வைக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சுவர்தான் உங்களுக்குத் தடை. சக்கரத்தைத் தோளுக்கு நேர் கீழே வைத்துப் பிடியுங்கள், மணிக்கட்டு மடங்காமல். இனி மிக முக்கியமான அசைவு: முதுகெலும்பின் கடைசி நுனியை உள்பக்கம் சுருட்டுங்கள், நாய் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொள்வதுபோல. பிட்டத்தை இறுக்குங்கள். மார்புக்கூட்டைக் கீழே இழுத்து வையுங்கள். மேல்முதுகு லேசாகக் கூன் போட்டதுபோல் இருப்பதுதான் சரி. இந்த நிலையைக் கலைக்காமல் மூச்சை இழுத்தபடி மூன்று எண்ணும் நேரத்தில் முன்னால் உருட்டுங்கள். கையும் இடுப்பும் ஒரே சமயத்தில் நகர வேண்டும். சக்கரம் சுவரைத் தொட்டதும் ஒரு கணம் நின்று, மூச்சை விட்டபடி, கையால் இழுக்காமல் வயிற்றைச் சுருக்கித் திரும்புங்கள். திரும்பும்போது பின்புறத்தைக் குதிகால் மேல் கொண்டுபோய் உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் வேலை முழுவதும் தொடை மடக்கும் தசைக்குப் போய்விடும்.

முதல் வாரம் ஐந்து ஐந்தாக மூன்று தடவை, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று தடவையும் எட்டு எட்டு சுத்தமாக வந்துவிட்டால் சாக்பீஸ் கோட்டை ஐந்து சென்டிமீட்டர் பின்னால் தள்ளுங்கள், திரும்பவும் ஐந்திலிருந்து ஏறுங்கள். இப்படிப் போனால் மூன்று நான்கு மாதத்தில் 130, 140 சென்டிமீட்டர் வரும்; உடம்பு ஏறக்குறைய முழுதாக நீண்டுவிடும். நின்றுகொண்டு உருட்டுவது வேறு உலகம். அதைப் பதின்வயதில் முயல வேண்டிய தேவையே இல்லை.

தவறு எங்கே நடக்கிறது என்றால், தடையில்லாமல் முதல் நாளே முழுக்க நீட்டுவதில்தான். வயிறு தாங்காத கட்டத்தில் இடுப்பு தொப்பென்று கீழே தொங்கும். பாரம் கீழ்முதுகின் பின்பக்க மூட்டுகளில் விழும். பெரியவர்களுக்கு இது இரண்டு நாள் வலியோடு போகலாம். வளரும் பிள்ளைகளின் முதுகெலும்புக்குத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைவது ஆகாது. கடைசி இடுப்பு முள்ளெலும்பில் நுண்ணிய விரிசல் விழலாம்; இளம் வேகப்பந்து வீச்சாளர்களிடம் அதிகம் பார்க்கப்படுவது இதே விரிசல்தான். அடையாளம் தெளிவானது: பின்னால் வளையும்போது இடுப்பின் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும், விளையாடினால் திரும்பும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், தைலத்தோடு நிறுத்த வேண்டாம். மறுநாள் வயிற்றின் நடுவில் வரும் பிடிப்பு வலி வேறு. சிரித்தால், தும்மினால் தெரியும். மூன்று நாளில் போய்விடும்.

சக்கரம் எவ்வளவு நல்ல சாமானாக இருந்தாலும் அது கொழுப்பைக் கரைக்கும் கருவி அல்ல. 24 தடவை உருட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதில் செலவாகும் கலோரி ஒரு பிஸ்கட்டுக்குக்கூடக் காணாது. அதனால் அதைப் பயிற்சியின் கடைசியில் வையுங்கள். முதலில் தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி எழும்புவது என்று பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். ஐந்திலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு, அதில் வாரம் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாலையில் ஒரு மணி நேரம் கபடியோ கால்பந்தோ ஆடும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தானாகவே முடிந்துவிடுகிறது. ஆட இடமில்லாதவருக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. நடுக்கயிற்றைக் காலால் மிதித்தால் இரண்டு பிடியும் அக்குள்வரை வர வேண்டும், அதுதான் நீளம்.

இரண்டாவதாக ஒன்று வாங்கலாம் என்றால் கதவு நிலையில் மாட்டும் கம்பி. இதிலும் ஒரு கண்ணி உண்டு. நிலையின் மேல் விளிம்பில் கொக்கிபோல் மாட்டித் தொங்கும் வகை வெளிநாட்டு வீடுகளுக்குச் செய்தது. அங்கே நிலைச் சட்டம் சுவரைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பூச்சு நிலையோடு சமமாக முடிவதால் கொக்கிக்குப் பிடிமானம் கிடையாது. குறுக்கே வைத்துத் திருகி இறுக்கும் வகையை வாங்கி, கூட வரும் கிண்ணம் போன்ற தாங்கிகளை மரத்தில் ஸ்குரூ போட்டு மாட்டுங்கள். வெறும் இறுக்கத்தை நம்பித் தொங்கக் கூடாது. வாடகை வீடு என்று ஸ்குரூவைத் தவிர்ப்பவர்கள்தான் கீழே விழுகிறார்கள். ஸ்குரூ போட முடியாதென்றால் பள்ளி மைதானத்துக் கம்பி இருக்கிறது, வாங்கவே வேண்டாம். தொங்கியபடி முட்டியை மார்பு நோக்கித் தூக்கும்போது ஊஞ்சலாடாமல், மேலே போனதும் இடுப்பைச் சுருட்டினால்தான் அது வயிற்றுப் பயிற்சி. இல்லாவிட்டால் தொடைப் பயிற்சி.

டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணம் வைத்த சிட்-அப் கம்பியும் நிறைய விற்பனையாகிறது. மொசைக், ரெட் ஆக்சைடு தரையில் அது ஒட்டாது; டைல்ஸில்கூட இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் வைத்தால் பட்டென்று விட்டுவிடும். ஒட்டினாலும் பெரிய பயனில்லை. காலைக் கட்டிவைத்து எழும்போது இடுப்பிலிருந்து தொடைக்குப் போகும் தசைதான் இழுக்கிறது, அது இழுப்பது முதுகெலும்பை. நூறு சிட்-அப் எடுக்கிறேன் என்ற பெருமையைவிட, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லிக்கொடுத்த சின்ன அசைவு மேல். மல்லாந்து ஒரு முட்டியை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கையையும் இடுப்பின் குழிவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சமே தூக்கி எட்டு பத்து வினாடி நிறுத்துவது. காசு செலவில்லை.

வியர்வை பெல்ட் வேண்டவே வேண்டாம். ரப்பர் துணியை இடுப்பில் சுற்றினால் அங்கே வியர்க்கும். வியர்வை தண்ணீரும் உப்பும்தான். பயிற்சி முடிந்ததும் எடை அரைக் கிலோ குறைந்து காட்டும், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு ஓடுவது ஆபத்தும்கூட. தோலில் வேர்க்குரு, படை வருவது தனி. இறுக்கமாகக் கட்டினால் வயிறு விரிந்து மூச்சு வாங்க முடியாது. 

மின்சார அதிர்வு தரும் ஒட்டுப்பட்டைகளும் அப்படித்தான். படுத்துக்கொண்டே கட்டம் வரும் என்று சொல்லி விற்ற ஆப்ட்ரானிக், ஆப் எனர்ஜைசர், ஃபாஸ்ட் ஆப்ஸ் என்ற மூன்று பெல்ட்டுகள் மீது அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2002 மே மாதத்திலேயே பொய் விளம்பர வழக்குத் தொடுத்தது. தினம் மூன்று நிமிடம் ஆடினால் போதும் என்று விற்ற ஆப் சர்க்கிள் ப்ரோ கருவிக்கு 2012இல் இரண்டரைக் கோடி டாலர் வரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித்தர நேர்ந்தது. அதே வாசகங்கள் இன்று வேறு பெயரில், வேறு நிறத்தில் நம் கைபேசிக்கு வருகின்றன. மின் அதிர்வு தசையைச் சுருங்க வைக்கும் என்பது உண்மை; கொழுப்பை அது தொடுவதில்லை. போதாததற்கு, பட்டையின் பசை நாளாக நாளாக ஒட்டாமல் போகும். புதுப் பசைத் தாளுக்கு மறுபடி காசு.

புரோட்டீன் டப்பாவைப் பற்றி வீடுகளில் நடக்கும் சண்டையைத் தீர்க்க ஒரு கணக்குப் போதும். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி ஒரு கரண்டியில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். கிலோ 2,000 ரூபாய்க்கு மேல் விற்கும் டப்பாவில் முப்பது கரண்டி என்றால் ஒரு கரண்டி 66 ரூபாயைத் தாண்டுகிறது. நாலு முட்டையிலும் அதே 24 கிராம்தான். ஒரு முட்டை ஏழு ரூபாய் என்றாலும் 28 ரூபாய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளுக்கு 55 கிராம், பெண்ணுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டை 12, இரண்டு டம்ளர் பால் 13, ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், அதாவது காய்ந்த கடலை 50 கிராம், 10. சாம்பாரிலும் கூட்டிலும் சேரும் 30 கிராம் பருப்பு 7. நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசியில் மட்டும் ஏறக்குறைய 20. கூட்டிப் பாருங்கள், 60 தாண்டிவிட்டது. வாரம் மூன்று நாள் கடுமையாகப் பயிற்சி செய்யும் 55 கிலோப் பையனுக்கு இன்னும் ஒரு 20 கிராம் சேர்ந்தால் நல்லது. நூறு கிராம் மத்தியோ கோழியோ அதைக் கொடுத்துவிடும். சைவமென்றால் 25 கிராம் சோயா உருண்டையும் ஒரு கிண்ணம் தயிரும். ஆக டப்பா தேவையே இல்லை.

எடை கூட்டும் பொடியாக மாஸ் கெய்னர் என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவுச்சத்தும். வயிறு தெரிய வேண்டுமென்று அதை வாங்குவது எதிர்த்திசையில் நடப்பது. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் ஃபேட் பர்னர் மாத்திரை பதினெட்டு வயதுக்குக் கீழ் கூடவே கூடாது. அதில் இருக்கும் அதிகக் காஃபீன் நெஞ்சைப் படபடக்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று மெதுவாகப் பேச்செடுத்தால் அந்த ஜிம்முக்கே போக வேண்டாம். ஸ்டீராய்டு வளரும் எலும்பின் நுனியை முன்கூட்டியே மூடிவிடும்; போன உயரம் திரும்ப வராது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அந்த வயதில் பட்டினி கிடந்து வயிற்றைக் காட்ட முயல்வதைப்போல் கெடுதல் வேறில்லை. அதே 2020 பரிந்துரை 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3,320 கலோரி, பெண்ணுக்கு 2,500 கலோரி என்கிறது. உயரம் ஏறும் காலம், எலும்பு கெட்டிப்படும் காலம். சோற்றை நிறுத்த வேண்டாம். சோற்றுக்கு நடுவில் வருவதைப் பாருங்கள். டியூஷன் முடிந்து வரும் வழியில் 250 மில்லி குளிர்பானம், அதில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. பேக்கரியில் ஒரு பஃப்ஸ். ராத்திரி படிக்கும்போது ஒரு பாக்கெட் சிப்ஸ். இந்த மூன்றையும் எடுத்துவிட்டு, அதே நேரத்துக்குச் சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம், மோர் என்று மாற்றினாலே கொஞ்சம் தடித்த பையனுக்குச் சாப்பிடும் கலோரி குறையும். அதற்கு மேல் குறைக்கத் தேவையில்லை. தட்டில் சோறு பாதிக்கு மேல் போகாமல், மீதியில் காயும் பருப்பும் முட்டையோ மீனோ இருக்கட்டும். ஒல்லியான பையனுக்கு இதற்கு நேர்மாறு: அவனுக்குக் கோடு ஏற்கெனவே தெரியும், தடிப்புதான் இல்லை. இன்னும் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் கூடச் சாப்பிட்டால்தான் சக்கரம் உருட்டியதற்குப் பலன் வரும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பெண்ணுடம்புக்கு இயல்பாகவே கொழுப்பு அதிகம் வேண்டும். கட்டம் தெரியும் அளவுக்கு அதைக் குறைத்தால் மாதவிடாய் தள்ளிப்போகலாம், சிலருக்கு நின்றேவிடும். கூடவே எலும்பின் அடர்த்தியும் குறையும். பயிற்சியைத் தொடங்கியபின் மாதவிடாய் மாறினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வயிறு பலமாவதற்குச் சக்கரம் எல்லோருக்கும் உதவும்; கட்டம் தெரிய வேண்டும் என்ற இலக்கு எல்லா உடம்புக்கும் பொருந்தாது. ஆணோ பெண்ணோ, கலோரி எண்ணுவதும் கண்ணாடி பார்ப்பதும் நாளின் பெரும்பகுதியைத் தின்னத் தொடங்கினால், சாப்பிட்டதற்குக் குற்றவுணர்வு வந்தால், சக்கரத்தை எடுத்து வைத்துவிட்டு வீட்டில் பேசுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க ஜிம்மில் இருக்கும் கொழுப்புச் சதவீத எந்திரத்தை நம்ப வேண்டாம். உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து காலைக்கும் மாலைக்கும் அது மாறிக் காட்டும். தையல் டேப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், எதுவும் குடிக்குமுன், தொப்புளுக்கு நேராக, மூச்சை விட்ட நிலையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தடித்த பையனுக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் அது நல்ல வேகம். எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. பரீட்சை மாதத்தில் முன்னேற்றம் நின்றால் தூக்கக் குறைவும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

யார் வாங்க வேண்டாம்? பதின்மூன்று வயது நிறையாதவர்கள். அவர்களுக்கு மரமேறுவதும் ஓடுவதும் நீந்துவதும் போதும். தொப்புளிலோ அரையிலோ முக்கும்போது புடைப்பு வருகிறவர்கள். அது குடலிறக்கமாக இருக்கலாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தோள் ஒருமுறை இறங்கியவர்களும் வயிற்று அறுவை ஆனவர்களும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தொட வேண்டாம். மற்றவர்கள் ரப்பர் பிடி, ஒரே தண்டு, இரட்டைச் சக்கரம் பார்த்து வாங்கலாம். 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பத்து முறையாவது முழு எடை போட்டு உருட்டிப் பார்த்துவிடுங்கள். வளையும் தண்டு அதற்குள் வளைந்துவிடும்.